செத்த மீனோடு பிழைத்த மீனையும் பாருங்கள்

மழை பெய்த மறுநாள் காலையில் கோபி, சத்தி பக்கத்து மீன் குட்டைக்காரர்கள் போனில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "சார், மீனெல்லாம் செத்து மிதக்குதுங்க. என்ன மருந்துங்க போடறது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மீன் சாகலைங்க?" சாவு விழுந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று சிலருக்குக் கோபம் வரும். ஆனால் காரணத்தைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சால்மன் என்ற மீனைப் பற்றி நடந்த ஓர் ஆராய்ச்சியே இதற்குச் சாட்சி.

அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்ததும் முட்டையிடாமலே செத்துக்கொண்டிருந்தன. ஆக்சிஜன், வெப்பம், நோய், பூச்சிமருந்து என்று ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. அதே தண்ணீரில் சம் என்ற இன்னொரு சால்மன் இனம் நன்றாக இருந்தது. சாலையில் வழிந்த மழைநீரைப் பிடித்து அதில் விட்டால் கோஹோ சில மணி நேரத்தில் செத்தது, சம் சாகவில்லை. அந்த நீரையே மணலும் மட்கு உரமும் கலந்த மண்ணில் வடித்துவிட்டால் கோஹோவும் பிழைத்தது. ஆக, நஞ்சு சாலையிலிருந்து வருகிறது, மண் அதைப் பிடித்து வைக்கிறது, ஓர் இனத்தைக் கொன்று இன்னோர் இனத்தை விட்டுவிடுகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது கொல்கிறது என்று தேடிக்கொண்டே போனார்கள். 2020-இல் விடை வந்தது.

டயரில் வெடிப்பு விழாமலிருக்க ரப்பரில் 6பிபிடி என்ற பொருளைக் கலப்பார்கள். காற்றிலுள்ள ஓசோன் பட்டு அது 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. டயர் தேய்ந்து உதிரும் தூளோடு சாலையில் கிடந்து, மழையில் ஓடைக்கு இறங்குகிறது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே கோஹோவில் பாதி ஒரு நாளில் போய்விடும்.

நம் குட்டை மீனையும் டயர்தான் கொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெண்டை வகையைச் சேர்ந்த வரிக்குதிரை மீன் இந்த நஞ்சைத் தாங்குகிறது. அட்லாண்டிக் சால்மனும் தாங்குகிறது. நமக்கு வேண்டியது அவர்கள் விசாரித்த முறை.

நம்மூரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான் காரணம். மூட்டம் போட்ட நாளுக்கு மறுநாள், விடிவதற்கு முன் சாவு விழும். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் போகும், பெரிய மீன் சிறியதற்கு முன் போகும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பிக்கும். விராலும் செத்திருந்தால் கதை வேறு. பவானி பக்கம் ஒரு குட்டையில் அப்படித்தான் இருந்தது. மேட்டு மஞ்சள் காட்டில் முந்தின நாள் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். மழைநீர் இறங்கிய மூலையில் சாவு தொடங்கியிருந்தது. தண்ணீர்ப் பூச்சிகள்கூட ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட்டியும் பயனில்லை. நீர் இறங்கும் வழியை மண் போட்டு அடைத்த பிறகுதான் மீதி மீன் பிழைத்தது.

காரணம் தெரியாமல் எதையும் கொட்டாதீர்கள். சுண்ணாம்பைக் கண்டபடி போட்டால் காரத்தன்மை ஏறி, குட்டையிலுள்ள அம்மோனியாவின் நஞ்சு கூடிவிடும். ஆன்டிபயாடிக் பொடி ஆக்சிஜன் குறைவுக்கும் உதவாது, பூச்சிமருந்துக்கும் உதவாது. தீனியை நிறுத்துங்கள். மீன் வாயைத் திறந்து மேலே தவித்தால் மோட்டார் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அப்புறம் ஆய்வகத்துக்குக் கொடுக்க, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலைக் குட்டைக்குள் முக்கி, காற்று நிற்காமல் நிரப்பி, உள்ளேயே மூடி ஐஸில் வையுங்கள். செவுள் வெளுத்து நாறிய மீனைக் கொண்டுவந்தால் ஆய்வகத்தால் அதிகம் சொல்ல முடியாது. துடிக்கும் மீன் வேண்டும், அதையும் ஐஸில் கொண்டுவாருங்கள். சாவு விழுந்த நேரத்தையும், செத்தவை எவை, பிழைத்தவை எவை என்பதையும் ஒரு தாளில் குறித்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் செத்த மீனை யாருக்கும் விற்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

புதிதாகக் குட்டை வெட்டுகிறவர்கள் காட்டு நீர் நேராக உள்ளே இறங்க விடக் கூடாது. கரைக்கு மேலே அகலமாகப் புல்லோ வெட்டிவேரோ வளர்த்து, நீர் தங்கி ஊறிப்போக ஒரு குழியும் வெட்டிவிடுங்கள். எல்லா மருந்தையும் மண் பிடித்துவிடாது. ஆனாலும் முதல் மழையின் வேகத்தையும் அழுக்கையும் அது நிறையவே வாங்கிக்கொள்ளும்.