புரொபோசல் கேட்டா மனு எழுதிக் குடுக்கோம்

திங்கக்கிழமை காலைல நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாத்தா தெரியும், மனு எழுதுறதுல நம்ம ஆளுவளுக்கு எவ்வளவு பழக்கம்னு. பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்னு ஆரம்பிச்சு, அது இல்ல இது இல்ல, ஓடு ஒழுகுது, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, எல்லாம் ஏழைப் பிள்ளைங்க, தயவுகூர்ந்து ஆவன செய்யணும்னு முடிச்சு கையெழுத்துப் போடுவோம். நான் திருவட்டார் பக்கம் ஒரு கவர்ன்மென்ட் ஹைஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார், ஸ்கூலுக்குப் பணம் கேட்டு டிரஸ்டு, கம்பெனிக்கெல்லாம் எழுதுற புரொபோசல் இருக்குல்லா, என்னோட முதல் 2 புரொபோசலும் இதே மாடல்தான், ஸ்மார்ட் போர்டுக்கு மூன்றரை லட்சம் கேட்டேன், ரெண்டுக்கும் பதில்கூட வரல.

ஏன் வரலன்னு புரிஞ்சது எப்பன்னா, ஒரு சின்ன டிரஸ்ட்ல வந்திருந்த அப்ளிகேஷனையெல்லாம் வாசிச்சு மார்க் போட என்னையும் கூப்பிட்டாவ, ஒரே நாள்ல 40க்கு மேல வாசிச்சேன். பாதிக்கு மேல ஸ்கூல் பேரை மட்டும் கைய வச்சு மறைச்சா எது எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியாது. எல்லாத்துலயும் புரொஜக்டர், எல்லாத்துலயும் "மாணவர்களின் கற்றல் திறன் மேம்படும்". எப்படி மேம்படும்னு ஒருத்தரும் சொல்லல. இல்லாமைய எழுதினா இரக்கம் வரும்தான், ஆனா 40 பேருமே இல்லாமையத்தான எழுதியிருக்கோம், இதுல யாருக்குக் குடுக்க? பிள்ளைங்க கையால என்ன செய்யப் போறாங்கன்னு எழுதியிருந்த நாலஞ்சு பேப்பர்தான் மறுநாளும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

மூணாவது புரொபோசல் வந்த கதை இது. எங்க பிள்ளைங்கள்ல நிறைய பேரோட அப்பாமாருக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுறதுதான் வேலை, விடியுறதுக்கு முன்னாடி தலையில லைட்டக் கட்டிட்டுப் போயிருவாங்க, மழைன்னா அன்னைக்கு வெட்டு கிடையாது, வெட்டு இல்லன்னா கூலி கிடையாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, அதனால வீட்டுல வருஷத்துல பாதி நாள் மழைப் பேச்சுதான் ஓடும். ஒருநாள் எட்டாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணு பேப்பரக் கொண்டு வந்து, "சார், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளோடு எல்லாம் மில்லிமீட்டர் போட்டிருக்கு, எங்க ஊருக்கு எவ்வளவு?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. அந்தக் கேள்வியத்தான் புரொபோசலோட முதல் வரியா போட்டேன்.

ரெண்டாவது வரில ஒரு கணக்கு. அந்த வகுப்புல 34 பேரு, மழை அளவு கிராஃப் ஒண்ணக் குடுத்து 5 கேள்வி கேட்டதுல 9 பேருக்குத்தான் 3க்கு மேல சரியா வந்துச்சு. இத எழுதுறதுக்கு எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு, நீ பாடம் நடத்துற லட்சணம் இதுதானான்னு கேட்டுருவாங்களோன்னு பயம். ஆனா இந்த நம்பர் இல்லாம கடைசில முன்னேற்றம்னு எத வச்சுக் காட்ட? முன்னாடி அளக்காதவனுக்குப் பின்னாடி காட்ட ஒண்ணும் இருக்காது.

திட்டம் ரொம்ப சிம்பிள். 12 பிள்ளைங்க வீட்டுல 12 மழைமானி, டெய்லி காலைல எட்டரைக்கு அளந்து நோட்டுல எழுதணும், வெட்டு உண்டா இல்லையான்னு பக்கத்துலயே ஒரு கட்டம், மாசம் ஒருக்க வகுப்புல எல்லாரும் சேந்து கிராஃப் வரையணும். 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 சதுர மீட்டர்ல 1 லிட்டர் தண்ணி, இது புஸ்தகத்துல வரியா கிடக்கும்போது ஒருத்தனும் கண்டுக்க மாட்டான், அவன் வீட்டுக் கூரைக்குக் கணக்குப் போடச் சொன்னா அடிச்சுக்கிட்டு வருவான். கேட்டது 41,500 ரூபாய். கிடைச்சுது.

பட்ஜெட்டத்தான் நம்மாளுங்க கடைசி ராத்திரில எழுதுவாங்க. எனக்குத் தெரிஞ்சு வாசிக்கிறவங்க முதல்ல திருப்புறதே அந்தப் பக்கத்தத்தான். இதர செலவு 25,000ன்னு ஒத்த வரி பாத்தாப் போதும், அங்கேயே நம்பிக்கை போயிரும். ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை, என்ன வில, எதுக்கு, ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலா, முடிஞ்சா 3 கொட்டேஷன். உடையும்னு தெரிஞ்ச பொருளுக்கு ஸ்பேர் போடணும், நான் 12 மழைமானிக்கு 15 போட்டிருந்தேன், ஏன் 15ன்னும் ஒரு வரி எழுதியிருந்தேன். உங்ககிட்ட இருக்கிறதையும் எழுதுங்க, ரூம் இருக்கு, கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடுது, பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்எம்சி, அதுல ஒரு கொத்தனார் அப்பா ஸ்டாண்ட் கட்டித் தாறேன்னு சொல்லியிருக்காருன்னு. எல்லாத்தையும் கையேந்திக் கேக்கிறவன்னு நினைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு யாரும் எழுதாதது. அடுத்த கவுன்சிலிங்ல எனக்கு டிரான்ஸ்பர் வந்தா இத யாரு பாப்பா? குடுக்கிறவங்க வாய் திறந்து கேக்காட்டாலும் மனசுல இந்தக் கேள்வி கண்டிப்பா ஓடும். நான் கணக்கு டீச்சரையும் சேத்துக்கிட்டு, நோட்டு எட்டாம் கிளாஸ் விட்டு எட்டாம் கிளாஸுக்குக் கைமாறும்னு எழுதினேன்.

பணம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. கம்பெனிச் சட்டம் 2013ல 135வது பிரிவு இருக்கு, நிகர லாபம் 5 கோடியோ, டர்ன் ஓவர் 1,000 கோடியோ, நெட் வொர்த் 500 கோடியோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனி, முந்தின 3 வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும், கல்வியும் அந்த லிஸ்ட்ல உண்டு, தான் தொழில் நடத்துற பகுதிக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் சட்டத்துலயே இருக்கு. அதனால மும்பைக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி நம்ம ஊரச் சுத்தி எவன் தொழில் பண்றான்னு பாருங்க, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி சும்மாவா சுத்துது. அவங்க கணக்கு ஏப்ரல்ல தொடங்கும், பிப்ரவரில போய் நின்னா மிச்சம் மீதிதான், திட்டம் போடுற நேரத்துலயே பேப்பர் அவங்க மேசைல இருக்கணும். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாவும் கேக்கலாம், பழைய மாணவங்களும் கம்பெனிகளும் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு உதவுற திட்டம் அது, நம்மகிட்ட படிச்சு வளைகுடால இருக்கிற பயலுவ எத்தனை பேரு. பிள்ளைங்க கையால செஞ்சு பாக்க ஸ்கூல்ல லேப் வைக்கிற மத்திய அரசுத் திட்டம் அடல் டிங்கரிங் லேப், அது 20 லட்சம் வர போகும், ஆனா அது பெரிய வேலை, முதல் தடவைக்கு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைங்களோட அறிவியல் ஐடியாவுக்கு மத்திய அரசு குடுக்கிற இன்ஸ்பயர் மானக் 10,000 ரூபாயில கை பழகுங்க, ஆனா ஐடியா பிள்ளையோடதா இருக்கணும், நெட்ல எடுத்த மாடலுக்குப் பிள்ளை பேர ஒட்டி அனுப்புற வேலை வேண்டாம். எந்தப் பணமானாலும் ஹெச்எம்முக்குத் தெரிஞ்சு, எஸ்எம்சி தீர்மானம் போட்டு, ஸ்கூல் அக்கவுண்ட்லதான் வாங்கணும். உங்க ஜிபேல ஒரு ரூபா வரக்கூடாது, எவ்வளவு நல்ல மனசோட வாங்கினாலும் பிறகு தலைவலிதான்.

பணம் வந்த பிறகு பில், ஸ்டாக் ரெஜிஸ்டர், பணத்த எதுக்குச் செலவழிச்சோம்னு குடுக்கிற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கணும். வருஷக் கடைசில அதே 5 கேள்வி கேட்டோம், 34ல 23 பேருக்கு 3க்கு மேல சரியா வந்துச்சு. 2 மழைமானிய ஆடு தட்டிவிட்டுது, ஒரு பய மூணு வாரம் அளக்காமலே நம்பர் எழுதியிருந்தான், அதையும் ரிப்போர்ட்ல போட்டேன். மறுவருஷம் பணம் குடுத்த டிரஸ்டே போன் பண்ணிச்சு.

போன வாரம் குளச்சல் பக்கம் ஒரு சார் டிராஃப்ட் அனுப்பியிருந்தாரு. பணிந்து சமர்ப்பிக்கும், புரொஜக்டர், கற்றல் திறன், எல்லாம் வரிசையா இருந்துச்சு. போன் போட்டு, சாரே, உங்க பிள்ளைங்களுக்கு உங்களைவிட நல்லாத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "காத்து சாரே, ஆறாம் கிளாஸ் பய வாசல்ல நின்னே இது வாடை, இது கச்சான்னு சொல்லிருவான், எனக்கு அது தெரியாது"ன்னாரு. அப்போ காத்துத் திசைகாட்டி செஞ்சு திசைய அளந்து, தாத்தாமார் சொல்லுத பேரையும் பக்கத்துல எழுதட்டுமேன்னேன். புது டிராஃப்ட் நேத்து வந்துச்சு, நல்லா வந்திருக்கு, பட்ஜெட்ல மட்டும் அந்தப் புரொஜக்டர் இன்னும் எந்திரிக்காம உக்காந்திருக்கு.