ஆஸ்டியோபிளாஸ்டிக்: எலும்பு கூடினால் நல்லதுதானே?

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் வந்தவர்களின் ஸ்கேன் அறிக்கையில் 'ஆஸ்டியோபிளாஸ்டிக் மெட்டாஸ்டாசிஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மெட்டாஸ்டாசிஸ் என்றால் புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து வேறு உறுப்புக்குப் பரவுவது, இங்கே எலும்புக்கு. சில அறிக்கைகளில் அதுவே 'ஸ்கிளிரோடிக்' என்று இருக்கும். தமிழில் எழுதினால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். வாளியும் குடமும் செய்கிற பிளாஸ்டிக்கும் இந்தப் பிளாஸ்டிக்கும் எழுத்தில் ஒன்றேதான். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. பாறைக்கு வைக்கும் வெடியைச் சொல்கிற 'பிளாஸ்ட்' கூட வேறு சொல்தான்.

கிரேக்கத்தில் 'ஆஸ்டியோன்' எலும்பு, 'பிளாஸ்டோஸ்' முளை அல்லது அரும்பு. எலும்பு இதிலிருந்து முளைக்கிறது என்ற கருத்தில் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் கெகன்பார் 1864இல் எலும்பில் இருக்கும் ஒரு வகை அணுவுக்கு (செல்லுக்கு) 'ஆஸ்டியோபிளாஸ்ட்' என்று பெயர் வைத்தார். ரத்தப் புற்றுநோய் அறிக்கையில் வரும் 'பிளாஸ்ட் செல்'லும் இதே அரும்புதான், ஆனால் அங்கே முதிராத அணு என்று பொருள். ஆஸ்டியோபிளாஸ்ட் முதிராத அணு இல்லை, எலும்பை உண்டாக்குகிற அணு. அதற்கு எதிர்வேலை செய்கிற ஆஸ்டியோகிளாஸ்டுக்கு 1873இல் பெயரிட்டவர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். 'கிளாஸ்டோஸ்' என்றால் உடைந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? எலும்புக்கு 'என்பு' என்ற பழைய சொல் நம்மிடம் உண்டு, குறளிலேயே இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இன்றும் அதுதான் வழக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு 'எலும்பாக்கி' சட்டென்று புரியும். 'எலும்பு அரும்பு' என்று மூலத்துக்கு நெருக்கமாகப் போனால் அழகாக இருக்கும், ஆனால் அந்த அணு செய்கிற வேலை அதில் தெரியாது. ஆஸ்டியோகிளாஸ்டுக்கு 'எலும்பு உடைப்பி' என்பதைவிட 'எலும்பு கரைப்பி' பொருத்தம் என்பேன். அது எதையும் உடைப்பதில்லை. எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது, பிறகு மீதமிருக்கும் புரதத்தை நொதிகளால் அரிக்கிறது.

வளர்ந்தவர்களின் எலும்பிலும் இந்த இரண்டு வேலையும் ஓயாமல் நடக்கின்றன. கரைப்பி பள்ளம் பறிக்கும், எலும்பாக்கி வந்து கொலாஜன் இழைகளை அடுக்கி நிரப்பும், அதில் கால்சியமும் பாஸ்பரசும் படிந்து இறுகும். உடம்பின் எலும்பில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆண்டுதோறும் இப்படிப் புதிதாகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் புற்றணு நுழைகிறது. அது ஏன் எலும்பைத் தேடிப் போகிறது என்பது பழைய கேள்வி. 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எல்லாப் பக்கமும் போனாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். (எலும்பு நோய் ஒன்றுக்குப் பெயரான ஜேம்ஸ் பேஜட்டின் மகன் இவர்.) 1940இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் வேறொரு வழியைக் காட்டினார். இடுப்புக்குள் இருக்கும் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றிய சிரை வலைக்கும் நேர்த்தொடர்பு உண்டு. அந்த வலையில் வால்வு இல்லாததால் ரத்தம் இரண்டு திசையிலும் ஓடும். புராஸ்டேட் புற்றுநோய் முதலில் இடுப்பெலும்பிலும் கீழ் முதுகிலும் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் வழி மட்டும் போதாது. எலும்பாக்கிகள் சுரக்கும் ஒரு புரதம், ரத்தம் உண்டாக்கும் மூல அணுக்களை மஜ்ஜைக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. புராஸ்டேட் புற்றணுவும் அதே அழைப்புக்கு இணங்கி, அதே இடத்தில் குடியேறிவிடுகிறது. அங்கே பல ஆண்டுகள் சும்மா கிடக்கவும் அதற்கு முடியும்.

விழித்துக்கொண்டால் எண்டோதீலின்-1 போன்ற பொருள்களைச் சுரந்து எலும்பாக்கியைத் தூண்டுகிறது. எலும்பாக்கி தரும் வளர்ச்சிப் பொருள்கள் திரும்பப் புற்றணுவை வளர்க்கின்றன. கரைப்பியும் சும்மா இருப்பதில்லை. எலும்புக்குள் சேர்ந்து கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் அது கரைக்கக் கரைக்க வெளியே வருகின்றன, அவையும் புற்றணுவுக்கே உணவு. மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் கரைப்பு மேலோங்கி எலும்பில் ஓட்டை விழும். புராஸ்டேட்டில் பெரும்பாலும் ஆக்கம் மேலோங்கி எலும்பு தடித்துப்போகும். எக்ஸ்ரேயில் அந்த இடம் மற்ற எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். 'ஸ்கிளிரோடிக்' என்பது அதைத்தான். கிரேக்கத்தில் 'ஸ்கிளிரோஸ்' என்றால் கெட்டியானது.

சரி, எலும்பு கூடினால் நல்லதுதானே? இல்லை. நல்ல எலும்பில் கொலாஜன் இழைகள் ஒரே சீராக, அடுக்கடுக்காக இருக்கும். இங்கே அவசரத்தில் தாறுமாறாகப் போட்ட இழைகள். கெட்டியாகத் தெரியும், ஆனால் பலமிருக்காது. அதனால்தான் வலியும், லேசாக விழுந்தாலே முறிவும், தண்டுவடம் அழுந்துவதும் வருகின்றன. ஆகவே 'ஆஸ்டியோபிளாஸ்டிக் மெட்டாஸ்டாசிஸ்' என்பதை 'எலும்பு வளர்ச்சிப் பரவல்' என்று மொழிபெயர்த்தால் தவறான நம்பிக்கை தரும். 'எலும்பைத் தடிக்கவைக்கும் பரவல்' என்பது நீளம்தான், ஆனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கரைக்கும் வகையை 'எலும்பைக் கரைக்கும் பரவல்' எனலாம்.

எலும்பு ஸ்கேன் காட்டுவதும் புற்றணுவை அல்ல. ஊசியில் செலுத்தும், டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து, எலும்பாக்கி சுறுசுறுப்பாக வேலை செய்யும் இடத்தில் போய் ஒட்டும். பழைய முறிவு ஆறும் இடமும், தேய்ந்த மூட்டும்கூட அதில் ஒளிரும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரேடியம்-223 மருந்தும் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்துகிறது. கால்சியம் போலவே நடந்துகொண்டு புது எலும்பில் படிந்து, மிகக் குறுகிய தூரமே பாயும் ஆல்ஃபா கதிரால் பக்கத்திலிருக்கும் புற்றணுவைத் தாக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிகிச்சை பலன் கொடுக்கும்போது, எலும்பாக்கிகள் பழுது பார்க்க இறங்கும். அப்போது முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் முன்னைவிட அதிகமாக ஒளிரலாம், புதுப் புள்ளிகள்கூடத் தெரியலாம். அந்த நேரத்து அறிக்கையில் 'ஆஸ்டியோபிளாஸ்டிக்' கூடியிருப்பதாக எழுதியிருந்தால், நோய் முற்றிவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது. ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவையும் அடுத்த ஸ்கேனையும் சேர்த்து வைத்துத்தான் மருத்துவர்கள் சொல்வார்கள்.