தமிழுக்கு 90 எடுக்கிற பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் ஏன் புள்ளி போகிறது?

தவணைப் பரீட்சையின் விஞ்ஞானத் தாள்களைத் திருத்திய கையோடு எழுதுகிறேன். ஒன்றிரண்டு தாள் என்றால் பேசாமல் விட்டிருப்பேன். பாதிக்கு மேல் ஒரே பிழை, அதுவும் வருடா வருடம் காணும் பிழை.

செவ்வரத்தை இலையின் ஒரு பகுதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, வெயிலில் விட்டு, பிறகு அற்ககோலால் பச்சையம் போக்கி, மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அயடீன் விடுகிற பரிசோதனை. (அற்ககோலை நேரடியாக நெருப்பில் சூடாக்க வேண்டாம், சுடுநீருக்குள் வையுங்கள்.) கேள்வி, 'அவதானிப்பை எழுதுக'. விடை, 'மூடாத பகுதியில் ஒளித்தொகுப்பு நடைபெற்றுள்ளது'. அது முடிவு. கண்ணில் பட்டது என்ன? மூடாத பகுதி கருநீலமானது, மூடிய பகுதி அயடீனின் மண்ணிறத்திலேயே கிடந்தது. அதை எழுதினால் போதும்.

அவதானிப்புக்குப் பதில் முடிவை எழுதியவர்களில் ஒருத்தி தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். "முழுக்கப் பாடமாக்கினவள் ரீச்சர். தமிழுக்கு 90 எடுக்கிறவள். இதுக்கேன் புள்ளி குறைஞ்சது?" என்று அவளின் அம்மா கேட்டார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தால் எந்தப் பாடத்தையும் வாசிக்கலாம் என்ற இந்த நினைப்பு பெற்றோரிடம் மட்டும் இல்லை, எங்கள் ஆசிரியர் அறையிலும் இருக்கிறது. "வாசிப்புப் பழக்குவது தமிழ் ரீச்சரின்ரை வேலை" என்கிறார்கள். தமிழ் ரீச்சர் கவிதையின் நயத்தைத்தான் காட்டுவார். வரைபு ஒன்றைப் பார்க்கும்போது கோட்டுக்கு முன் அச்சுகளையும் அலகையும் வாசிக்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுக்க வேண்டும்?

தெரிந்த தமிழே பிள்ளையின் காலை வாரும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காயின் நிறை 1 கிலோ. வகுப்பில் கிலோகிராம் திணிவுக்கு (பொருளில் உள்ள சடத்தின் அளவு), நிறைக்கு (புவி அதை இழுக்கும் விசை) நியூட்டன். நெல்லு மூட்டையைத் தோளில் வைத்து அரைமணி நேரம் அசையாமல் நின்றவனுக்கு உடம்பெல்லாம் வேர்வை, ஆனால் மூட்டை நகராததால், விஞ்ஞானத்தில் மூட்டையின் மீது அவன் செய்த வேலை பூச்சியம். கணிதத்தில் 'விலை 5 ரூபாவால் குறைந்தது' என்றால் கழிக்க வேண்டும். 'குறைந்தது 5 பேர்' என்றால் 5 அல்லது அதற்கு மேல். அதே சொல்தான். அந்த இடத்தில் நின்று விளங்கப்படுத்தாமல் பிள்ளைக்குக் கவனமில்லை என்று ஏசுவது நியாயமே இல்லை.

வரலாறும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1619 போர்த்துக்கேயர், 1658 ஒல்லாந்தர், 1795 ஆங்கிலேயர் என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த காலத்தைப் பற்றிப் பல்தேயுஸ் எழுதியதைக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடுவார்கள். அவர் ஒல்லாந்தரின் பாதிரியார், வென்ற பக்கத்து ஆள். 'எழுதினது ஆர், ஆருக்கு எழுதினது?' என்று கேட்கப் பழகாத பிள்ளைக்கு ஆண்டுகளை வைத்து என்ன செய்வது?

ஆசிரியர்களே, நோட்ஸ் சொல்லி எழுதுவிப்பதைக் குறையுங்கள். பாடநூலின் ஒரு பந்தியைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசியுங்கள். எங்கே நின்றீர்கள், எந்தச் சொல்லுக்காகத் திரும்பிப் போனீர்கள், படத்தை எப்போது பார்த்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். அவதானிப்புக்கு ஒரு நிரல், முடிவுக்கு ஒரு நிரல் என்று கொப்பியில் கோடு போடுவியுங்கள். விடையைப் பிழை என்று வெட்டிவிட்டுப் போகாமல் 'இது முடிவு, நீ கண்டது என்ன?' என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அம்மா, அப்பா, உங்களிடம் மன்றாட்டமாகக் கேட்கிறேன். இன்னொரு ரியூசன் வேண்டாம். "எத்தினை பக்கம் பாடமாக்கினாய்?" என்று கேட்காமல், புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, "இதிலை என்ன தெரியுது?" என்று கேளுங்கள். உங்களுக்கு விஞ்ஞானம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பிள்ளையை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு இலையைத் திரும்பவும் செய்வித்தேன். "என்ன காணுறாய்?" "மாப்பொருள், ரீச்சர்." "மாப்பொருளைக் கண்ணாலை கண்டியா?" கனநேரம் குனிந்து பார்த்தாள். "இல்லை ரீச்சர். நீலமாக் கிடக்கு. நடுவிலை மட்டும் மண்ணிறம்."

"அதை எழுது" என்றேன்.