லாரிக்கு மாற்று ஃபாக் லைட்: சட்டம் எதை ஒப்புக்கொள்கிறது, எதைப் பார்த்து வாங்குவது

நாமக்கல், சங்ககிரி பக்கத்திலிருந்து வடக்கே லோடு ஏற்றும் லாரிகளுக்கு டிசம்பர் வந்தால் ஒரு வேலை சேர்ந்துகொள்ளும். கல்லடி பட்டு விரிசல் விட்ட, தண்ணீர் புகுந்து மங்கிப்போன ஃபாக் லைட்டை அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. அரியானா, பஞ்சாப், உத்தரப் பிரதேசச் சமவெளியில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க இறங்கும் மூடுபனி, நம் ஊர் மார்கழிப் பனியைப் போல வெயில் ஏறியதும் விலகிக்கொள்வதில்லை. பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்பனி, 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்பனி என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. 50 மீட்டர் என்றால் நான்கைந்து லாரிகளை வரிசையாக நிறுத்திய நீளம்தான். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் ஊட்டி, வால்பாறை, திம்பம் மலைப்பாதைகளில் இரவு லோடு அடித்தவர்களுக்கு இது புதிதில்லை.

கடையில் கேட்டால் எல்இடி பார் லைட்டிலிருந்து நீல வெளிச்சம் அடிக்கிற பல்பு வரை எடுத்து நீட்டுவார்கள். அதில் பாதி சாலையில் போடக் கூடாதது. எது கூடும், எது கூடாது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையைப் பின்பற்றினால் பனியில் பாதையும் ஒழுங்காகத் தெரியும். சட்டமும் தொழில்நுட்பமும் இப்படி ஒரே பக்கம் நிற்பது அபூர்வம்.

கட்டாயமா?

இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி, இரவில் வண்டியில் எரிய வேண்டிய விளக்குகளைப் பற்றிச் சொல்கிறது. முன்னால் 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்பக்க ஃபாக் லைட் அந்தக் கட்டாயத்தில் வராது. விளக்குகளை வண்டியில் எங்கே, எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் ஏஐஎஸ் 008 தரநிலையிலும் அது விருப்பத்துக்குரியதுதான். ஆகவே ஃபாக் லைட் இல்லை என்பதற்காக அபராதம் போட இடமில்லை. ஆனால் மாட்டிவிட்டால், மாட்டிய விளக்கு விதிக்குள் வந்துவிடுகிறது.

முதலில் அதைப் பிடிப்பது 106ஆம் விதி. எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதை அது அளவு போட்டே சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. ஏறக்குறைய, எதிரே சாலையில் நிற்கிற ஓர் ஆளின் கண். ஹெட்லைட்டை டிம் பண்ண ஓட்டுநரின் கையில் வழி இருக்கிறது. ஃபாக் லைட்டுக்கு டிம் கிடையாது. அதனால் அதன் ஒளி எப்போதும் கீழ்நோக்கியே விழும்படி பொருத்தியாக வேண்டும். இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, எட்டு மீட்டர் நடந்துபோய் வலது பக்கம் தள்ளி நின்று பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் விளக்கோ பல்போ சாய்வோ ஏதோ ஒன்று தப்பு.

111ஆம் விதி ஸ்பாட் லைட், சர்ச் லைட் பற்றியது. பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த வண்டியின் முன்பக்கத்திலும் அவற்றை மாட்டக் கூடாது. அந்த அனுமதியும் விதிவிலக்கான சூழ்நிலைக்குத்தான். குறுகிய கற்றையாகத் தூரத்துக்கு அடிக்கிற எல்இடி விளக்கை ‘ஃபாக் லைட்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்றாலும், அது செய்கிற வேலை ஸ்பாட் லைட் வேலைதான். கேபின் உச்சியில் பார் லைட் மாட்டிக்கொண்டு ‘பனிக்காகப் போட்டேன்’ என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் சொல்வது எடுபடாது. நிஜப் பனியில் அதைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரியும்.

ஏன் தாழ்வாக?

பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஒளி துளியில் பட்டுச் சிதறி, ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்புகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கும் விளக்குக்கும் இடையே உயர வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குத் திரும்பி வரும் ஒளி குறையும். இந்த விஷயத்தில் லாரிக்காரருக்குக் காரைவிட வசதி அதிகம். இருக்கை உயரத்தில், விளக்கு பம்பரில். அந்த வசதியை விளக்கை மேலே ஏற்றிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஃபாக் லைட்டின் வெளிச்சம் அகலமாகவும், மேல் ஓரம் கத்தரித்தது போலவும் இருக்கும். அது காட்ட வேண்டியது சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டையும் வண்டிக்கு முன்னால் உள்ள கொஞ்ச தூரத்தையும்தான். தூரம் போதவில்லை என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை, அது அதன் வேலையே அல்ல.

தரநிலையும் இதைத்தான் எண்களாகச் சொல்கிறது. தரையிலிருந்து குறைந்தது 250 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். டிம் வெளிச்சம் தரும் ஹெட்லைட்டைவிட மேலே போகக் கூடாது. வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஜோடியாக, ஒரே நிறத்தில் எரிய வேண்டும். ஹெட்லைட்டின் துணையில்லாமல் தனியாகப் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். கம்பெனி பம்பரில் உள்ள குழியிலேயே பொருத்தினால் இவை அனைத்தும் தானாகவே அமைந்துவிடும்.

பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாயில் கிராஷ் கார்டு அடித்து அதில் விளக்கு மாட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விளக்கு சரியாக இருந்தும் அது உட்கார்ந்திருக்கிற கம்பிக்காக மாட்டிக்கொள்வானேன்?

பல்பா, முழு விளக்கா?

செலவையும் தொல்லையையும் தீர்மானிக்கிற கேள்வி இதுதான். கண்ணாடி நன்றாக இருந்து, உள்ளே உள்ள கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு உரியாமல் இருந்தால் பல்பு மட்டும் போதும். பூச்சு கறுத்திருந்தாலோ, உள்ளே நீர் கோத்திருந்தாலோ எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வராது. முழு விளக்கையும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் உடைந்திருந்தால்கூட ஜோடியாக மாற்றுவது நல்லது. பழசும் புதுசும் சேர்ந்தால் ஒரு பக்கம் மங்கலாகவும் ஒரு பக்கம் பளிச்சென்றும் எரியும்.

பல்பு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். கனரக லாரிகள் 24 வோல்ட், சின்ன யானை போன்ற சிறு சரக்கு வண்டிகள் 12 வோல்ட். ஃபாக் லைட்டில் பெரும்பாலும் வருவது எச்3 அல்லது எச்11 வகை ஹாலஜன் பல்பு. 12 வோல்ட்டில் 55 வாட், 24 வோல்ட்டில் 70 வாட். அந்த எண்கள் பல்பின் அடியிலேயே பொறித்திருக்கும். பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதைவிடச் சுலபமான வழி இல்லை. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் ஒரு மின்னலோடு முடிந்துவிடும். அதைச் சமாளிக்க, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ட் எடுக்கிற வித்தை சில பட்டறைகளில் உண்டு. விளக்கு எரியும்தான். ஆனால் ஒரு பேட்டரி தேய்ந்துகொண்டே போக, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக்கொண்டே போகும். மிச்சம் பிடித்த பல்புக் காசு பேட்டரியில் போய்விடும்.

அதிக வாட் பல்பும் இதே கதைதான். 24 வோல்ட்டில் இரண்டு 70 வாட் பல்புகளுக்கு ஏறக்குறைய 6 ஆம்பியர் ஓடுகிறது. கம்பெனி போட்ட வயரும் ஃபியூஸும் அந்தக் கணக்குக்கு அமைந்தவை. அதற்கு மேலான பல்பைப் போட்டால் ஹோல்டர் இளகும், கிண்ணம் கருகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸாக மாற்றினால் வயர் எரியும். புதிதாக வயரிங் இழுக்கிறவர்கள் ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்து இழுக்கச் சொல்லுங்கள்.

எல்இடி என்றாலே தப்பா?

தப்பில்லை. கம்பெனியிலிருந்தே எல்இடி ஃபாக் லைட்டோடு வந்த வண்டிக்கு அதே எல்இடி விளக்கைத்தான் மாற்ற வேண்டும். சிக்கல், ஹாலஜன் பல்புக்காக வடித்த கிண்ணத்துக்குள் எல்இடி பல்பைச் செருகுவதில் இருக்கிறது. ஹாலஜன் பல்பின் இழை ஒரு மெல்லிய கோடு. கிண்ணத்தின் வளைவு அந்தக் கோடு இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்து அமைத்தது. எல்இடி பல்பில் வெளிச்சம் பட்டையான தகட்டின் இரு பக்கங்களிலிருந்து வருகிறது. கிண்ணத்தின் கணக்கு குலைந்து, கத்தரித்தது போல இருக்க வேண்டிய மேல் ஓரம் கலைந்து, ஒளி மேலே தெறிக்கிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசும். பனியில் உங்களுக்கே கூசும். சுவரில் அடித்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், அதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். இழை இல்லாமல் வாயுவில் மின்பொறியால் எரியும் எச்ஐடி பல்பின் மாற்று கிட்டுக்கும் இதே குறைதான்.

விளக்கின் கண்ணாடியிலேயே அடையாளம் இருக்கிறது. ஐ.நா. விதிப்படி சோதித்த விளக்கில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தும் பக்கத்தில் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும். ‘பி’ (B) அல்லது ‘எஃப்3’ (F3) என்று குறித்திருந்தால் முன்பக்க ஃபாக் லைட். வெறும் ‘எஃப்’ (F) என்றால் பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட். ‘எச்சி’ (HC), ‘எச்ஆர்’ (HR) என்று இருந்தால் அது ஹெட்லைட் வகை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இந்தியச் சோதனை புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற மையங்களில் நடக்கிறது. எந்தக் குறியும் இல்லாத விளக்கை விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

நிறம்: வெள்ளையும் கூடும், இளமஞ்சளும் கூடும். மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆகையால் எந்த நிறமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறுகிறது. நீலம் வடிகட்டிய மஞ்சள் ஒளி கண்ணுக்குச் சற்று இதமாக இருப்பதாகப் பல ஓட்டுநர்கள் சொல்கிறார்கள், அந்த அளவில் அது விருப்பம். முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது என்பது 108ஆம் விதி. அழகுக்காகப் போடும் நீலம், பச்சையும் ஃபாக் லைட்டுக்கு அனுமதித்த நிறங்கள் அல்ல.

மாட்டிய பிறகு

சாய்வு வைக்காமல் பட்டறையை விட்டுக் கிளம்ப வேண்டாம். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். வெளிச்சத்தின் மேல் ஓரம் அந்தக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் சரி. காலி வண்டியில் வைத்த சாய்வு பின்பக்கம் லோடு ஏறியதும் மேலே தூக்கும். முடிந்தால் லோடோடு ஒரு முறை பாருங்கள்.

ஆர்சியில் ஃபாக் லைட் பற்றி எந்த வரியும் இல்லை. ஒரிஜினல் போலவே மாற்றியதற்கு ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை. எஃப்சி எனப்படும் தகுதிச் சான்றுக்கு, வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதற்குமேல் ஆண்டுதோறும், வண்டி நிற்கும்போது விளக்குகளும் பார்வைக்கு வரும். சாலையில் பிடிபட்டால் எந்தப் பிரிவு என்பது தவறைப் பொறுத்தது. பொதுப் பிரிவான 177இல் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்து 1,500 வரை. அனுமதியில்லாத மாற்றம் என்று 182ஏ பிரிவில் எழுதினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இவை 2019 திருத்தத்துக்குப் பிந்தைய தொகைகள். பாதுகாப்பு தொடர்பான தரத்தை மீறியதாக 190ஆம் பிரிவு பாய்ந்தால் 10,000 ரூபாய் வரை போகலாம், முதல் தடவையிலேயே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு.

இவ்வளவும் முன்பக்கம். பனியில் லாரிக்கு வரும் பெரிய ஆபத்து பின்னாலிருந்து. 107ஆம் விதிப்படி, 2.1 மீட்டருக்கு மேல் அகலமுள்ள சரக்கு வண்டியின் உச்சியில் முன்னால் இரண்டு வெள்ளை விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். இரவிலோ பார்வை மங்கிய நேரத்திலோ சாலையில் வண்டி நின்றால் அவை எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஃபாக் லைட் மாற்றப் பட்டறைக்குப் போகிற அன்றைக்கே அந்த நான்கு பல்பையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கத்துச் சிவப்பு ஒளிர்பட்டை சேறு படிந்திருந்தால் துடையுங்கள், உரிந்திருந்தால் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள்.