சக்கரம் வாங்கும் முன் வேகனின் பக்கச் சுவரைப் படியுங்கள்

மாதிரி ரயில்களைப் பழுது பார்த்துச் சீரமைப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர், அமெரிக்கத் தானிய ஹாப்பர் வேகன்கள் மூன்றை என்னிடம் கொண்டுவந்தார். மூன்றும் எச்ஓ அளவு, அதாவது அசலில் 87.1-இல் ஒரு பங்கு. மேட்டுப்பாதையில் ஏறும்போதெல்லாம் வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளர் கழன்றுவிடுகிறது, கப்ளரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை என்றார். வேகனைக் கவிழ்த்துப் பார்த்தபோது, போகிக்கும் (சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் அடிச்சட்டம்) வேகனின் அடித்தளத்துக்கும் நடுவில் சாம்பல் நிற ஃபைபர் வாஷர் ஒன்று செருகப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ வேகனை உயர்த்துவதற்காகச் செய்த வேலை அது. வேகன் தாழ்ந்து நின்றதற்குக் காரணம் சக்கரம். அசல் ரயிலின் கணக்கில் சொன்னால், 36 அங்குலச் சக்கரம் ஓட வேண்டிய இடத்தில் 33 அங்குலச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. வாஷர் உயரத்தை ஏறக்குறைய ஈடுகட்டியதே தவிர, போகியை ஆட்டம் காண வைத்துவிட்டது. கழன்றது அந்த ஆட்டத்தால்தான்.

வட அமெரிக்கச் சரக்கு வேகன்களில் சக்கரத்தின் விட்டத்தைத் தீர்மானிப்பது சுமை. 50 டன், 70 டன் வேகன்களுக்கு 33 அங்குலம், 100 டன் வேகன்களுக்கு 36 அங்குலம், 125 டன் போகிகளுக்கு 38 அங்குலம் என்பது நடைமுறை. இங்கே டன் என்பது 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்; 100 டன் வேகன் என்றால் வெற்று வேகனின் எடை சேராமல், ஏற்றும் சுமை மட்டும் தோராயமாக 100 டன். சிறிய சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது; அந்தச் சிறு இடத்தில் பெருஞ்சுமை இறங்கினால் சக்கரமும் தண்டவாளமும் இரண்டுமே சீக்கிரம் பழுதாகும். அதனால்தான் சுமை கூடக் கூட விட்டமும் கூடுகிறது. வேகன் நீளமா குட்டையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 86 அடி நீளத்தில் வீடுபோல நிற்கும் வாகன உதிரிபாகப் பெட்டி வேகன்கள் பலவற்றில் 33 அங்குலச் சக்கரமே இருக்கும். அதில் ஏறக்குறையப் பாதி நீளமே உள்ள நிலக்கரி வேகனில் 36 அங்குலம் இருக்கும். ‘பெரிய வேகனுக்குப் பெரிய சக்கரம்’ என்று வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

எந்த வேகனுக்கு எது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேட வேண்டியதில்லை. வேகனின் பக்கச் சுவரில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று ஏற்றத்தக்க அதிகபட்சச் சுமை, மற்றொன்று வெற்று வேகனின் எடை. இரண்டையும் கூட்டினால் தண்டவாளத்தின் மீது இறங்கும் மொத்த எடை கிடைக்கும். அந்த ஹாப்பரை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன்: 2,00,700 பவுண்டும் 62,300 பவுண்டும். கூட்டினால் 2,63,000. அது 100 டன் வேகனுக்கே உரிய எண். ஆகவே 36 அங்குலம். கூட்டுத்தொகை 1,77,000 அல்லது 2,20,000 என்று வந்தால் 33 அங்குலம். 1990-களிலிருந்து பரவலான 2,86,000 பவுண்டு வேகன்களுக்கும் 36 அங்குலம்தான். 3,15,000 என்றால் 38.

இந்தக் கணக்குக்கு அடங்காத இரண்டு இடங்கள் உண்டு. சுமை எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், போகி தாங்கக்கூடியதைவிடக் குறைவான சுமையே ஏற்ற வேண்டும் என்று வேகனின் கட்டமைப்பைக் கருதி வரம்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது கூட்டுத்தொகை குறைந்து வரும். அதை நம்பிச் சிறிய சக்கரத்தைப் போட்டுவிடக் கூடாது, அசல் வேகனின் புகைப்படத்தைப் பார்த்துவிடுவதே நல்லது. மற்றொன்று, மூன்றடுக்கில் கார்களை ஏற்றிச் செல்லும் தாழ்தள வேகன். உயர வரம்புக்குள் மூன்று அடுக்கையும் அடக்குவதற்காகத் தளத்தையே தாழ்த்தி 28 அங்குலச் சக்கரம் பொருத்தியிருப்பார்கள். மாதிரியில் அங்கே 33 அங்குலத்தைப் போட்டால் வேகன் கால் கட்டை கட்டியதுபோல எழும்பி நிற்கும்.

இரட்டை அடுக்குக் கண்டெய்னர் வேகன்களில், ஐந்து பகுதிகள் பிணைந்த வகையை வாங்கினால் ஒரே அளவில் எல்லாச் சக்கரங்களையும் வாங்கிவிடாதீர்கள். இரு முனைப் போகிகளும் 33 அங்குலமாகவும், இரண்டு பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் நடுப் போகிகள் 38 அங்குலமாகவும் இருப்பது வழக்கம்.

இனி அளக்கும் விதம். எச்ஓவில் 33 அங்குலம் என்பது 9.6 மில்லிமீட்டர், 36 அங்குலம் 10.5, 38 அங்குலம் 11.1, 28 அங்குலம் 8.2. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் கண்ணை நம்ப முடியாது, நுண்ணளவு காட்டும் காலிப்பர் வேண்டும். ஆனால் காலிப்பரை வைத்திருப்பவர்களும் தவறு செய்கிறார்கள். சக்கரத்தின் வெளிவிளிம்பை, அதாவது தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கும் ஃபிளாஞ்சைச் சேர்த்து அளந்துவிடுகிறார்கள். எச்ஓவில் பெரும்பாலும் பயன்படும் ஃபிளாஞ்சின் ஆழம் 0.64 மில்லிமீட்டர். இரு பக்கமும் சேர்த்தால் 1.27. ஆகவே 33 அங்குலச் சக்கரத்தை ஃபிளாஞ்சோடு அளந்தால் 10.9 காட்டும். ‘36-ஐவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது, சரிதான்’ என்று நிம்மதியாகப் பெட்டியை மூடிவிடுவார்கள். அளக்க வேண்டியது தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பை. அதிலும் அந்தப் பரப்பு சற்றுச் சரிவாக இருப்பதால் அதன் நடுப்பகுதியை.

சரியான சக்கரத்தை மாட்டியதும் வேகன் உயரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 33-ஐ எடுத்துவிட்டு 36 போட்டால் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.44 மில்லிமீட்டர், கப்ளர் மேலே போகும். கப்ளரின் நடுக்கோடு தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 9.9 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். கப்ளர் உயரத்தை அளக்கும் கருவியை வைத்துச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலை. நான் கண்ட ஹாப்பரில் அந்தச் சாம்பல் வாஷர் 0.38 மில்லிமீட்டர் தடிமன். அதை எடுத்துவிட்டு 36-ஐ மாட்டியதும் உயரம் தானாகவே பொருந்திவிட்டது, போகியின் ஆட்டமும் நின்றது. எல்லா வேகனிலும் இவ்வளவு சுலபமாக அமையாது. சில தயாரிப்பாளர்கள் தவறான சக்கரத்துக்கே கப்ளரைச் சரியான உயரத்தில் அமைத்துவிடுவதால், போகி உட்காரும் மேடையைக் கொஞ்சம் அராவ வேண்டிவரும்.

போகியின் பக்கச் சட்டத்தையும் பாருங்கள். 70 டன் போகியில் இரு அச்சுகளுக்கு இடையே 5 அடி 8 அங்குலம், 100 டன் போகியில் 5 அடி 10 அங்குலம். 70 டன் போகியிலேயே பெரிய சக்கரத்தைத் திணித்தால் பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும், வளைவில் ஃபிளாஞ்ச் வேகனின் அடியைத் தொடும். சக்கரத்தை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிப்பதைவிட, போகியோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அச்சின் நீளமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மாட்டிய பின் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டால் தயங்காமல் சுற்ற வேண்டும்.

இந்திய வேகன்களை இதே அளவில் செய்யும் நண்பர்கள் அமெரிக்கச் சக்கரங்களையே வாங்குகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று. கண்டெய்னர் ஏற்றும் பிஎல்சி வேகனின் சக்கரம் 840 மில்லிமீட்டர். அதற்கு 33 அங்குலச் சக்கரம் அச்சு அசலாகப் பொருந்தும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகனில் புதுச் சக்கரம் 1,000 மில்லிமீட்டர். தேய்ந்து 906-ஐ எட்டியதும் கழித்துவிடுவார்கள். நீங்கள் மாட்டும் 36 அங்குலச் சக்கரம் அசலில் 914 மில்லிமீட்டர், ஆக உங்கள் பாக்ஸ்என் கழிவுக்குப் போகும் தறுவாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. 38 அங்குலம் போட்டால் 965. ஓரளவு தேய்ந்த, ஓட்டத்தில் இருக்கும் வேகனாகத் தெரியும்.