ஹோங்பாவ்: செவ்வுறையா, கைவிசேடமா?

வசந்த விழா (சீனப் புத்தாண்டு) நெருங்கும்போது சீனாவில் குடியிருக்கும் வெளிநாட்டவர் காதில் அடிக்கடி விழும் சொல் ‘ஹோங்பாவ்’. ஹோங் என்றால் சிவப்பு, பாவ் என்றால் பொட்டலம். பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்புக் காகித உறை. உள்ளே இருக்கும் பணத்துக்கும் அதே பெயர்தான்.

பிள்ளைகளுக்குப் புத்தாண்டையொட்டிக் கொடுக்கும் காசுக்குப் பழைய பெயர் ‘யாசுய் சியென்’. யா என்றால் அடக்குதல், சியென் என்றால் காசு. சுய் என்பதை ஓர் எழுத்தில் எழுதினால் ஆண்டு. அதே ஒலியுள்ள வேறோர் எழுத்தில் எழுதினால் கேடு செய்யும் பேய். பேயை அடக்கும் காசு என்றுதான் வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். முன்பெல்லாம் நடுவில் துளையுள்ள செப்புக் காசுகளை வண்ண நூலில் கோத்துக் கொடுத்தார்கள்.

தென் சீனாவில் குவாங்சௌ, ஹாங்காங் பக்கம் இதற்கு ‘லைசீ’ என்று பெயர். கல்யாணமானவர் ஆகாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே முறை. நாற்பது வயதானாலும் தனி ஆள் வாங்கிக்கொள்ளலாம்! குடும்பஸ்தர் என்றால் வெளிநாட்டவரும் குடியிருப்புக் காவலாளி, பெருக்குபவர் என்று எல்லோருக்கும் நீட்ட வேண்டியதுதான். பத்து யுவான் போதும். ஆனால் தாள் புதிதாக இருக்க வேண்டும், அதற்காகவே விழாவுக்கு முன் வங்கியில் கூட்டம் நிற்கும். 4 ஆகாது, அதன் ஒலி சாவை நினைவூட்டும். 101 வைத்துப் பழகிய நம்மவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு, அதுவும் வெள்ளை உறையில். வாங்குபவர் இரு கையாலும் வாங்கி, பிரிக்காமல் பையில் வைத்துக்கொள்வார்.

2014இல் வீசாட் செயலி இதைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. குழுவில் ஒருவர் ஒரு தொகையைப் போட்டால், முந்துகிறவர்களுக்கு ஏறுக்குமாறாகப் பிரித்துத் தரும். ‘ஹோங்பாவ் பறிப்பது’ என்றே இதைச் சொல்கிறார்கள். அப்புறம், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவருக்கு ரகசியமாகக் கொடுக்கும் பணமும் ஹோங்பாவ்தான். நம்மூரில் ‘கவர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மொய்’ பொருந்தாது, அது நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வது. சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேடம் (இலங்கை வழக்கு), குமரிப் பக்கத்துக் கைநீட்டம் இரண்டும் கருத்தளவில் மிக நெருக்கம். ஆனால் அவற்றுக்கு உறை கட்டாயமில்லை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியின் உச்சரிப்பிலேயே ‘அங்பாவ்’ என்று சொல்லி, தீபாவளிக்கும் கொடுக்கிறார்கள்.

என் கணக்கில், உறையைச் சொல்லும்போது ‘செவ்வுறை’. வழக்கத்தை விளக்கும்போது ‘புத்தாண்டுக் கைவிசேடம்’. வீசாட்டில் வருவதற்கு உறையே கிடையாது. அதை ஹோங்பாவ் என்றே எழுதிவிடலாம்.