கோழி எரு ஏன் சுடுகிறது?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கொல்லையில் ஆறு நாட்டுக்கோழி வளர்க்கிறார். அள்ளிய எச்சத்தை அப்படியே கத்தரி நாற்றின் தூரில் போட்டாராம். நாலே நாளில் இலையோரம் கருகிவிட்டது. கண்ணேறு பட்டிருக்கிறது, எலுமிச்சையும் மிளகாயும் கட்டு என்கிறாராம் மாமியார். மாட்டுச் சாணம் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்பது வாசகியின் கேள்வி.

எலுமிச்சையை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எச்சத்தை உற்றுப் பாருங்கள். கரும்பச்சைக் கட்டியின் தலையில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளை இருக்கும். அதுதான் கோழியின் மூத்திரம்!

புரதம் செரித்தால் நைட்ரஜன் கழிவு மிஞ்சும். மீன்கள் அதை அம்மோனியாவாகவும், நாம் யூரியாவாகவும், பறவைகள் யூரிக் அமிலமாகவும் வெளியேற்றுகின்றன. பறக்கிற உடம்பு தண்ணீரைச் சுமக்க முடியாது என்று பள்ளியில் காரணம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த காரணம் முட்டைக்குள் இருக்கிறது.

21 நாள் பூட்டிய அறை அது. ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்று போய்வரும். ஆனால் கழிவைக் கழுவிவிட வழியில்லை. அம்மோனியா சேர்ந்தால் கரு செத்துவிடும். யூரியாவோ ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ வரை கரையக்கூடியது; உள்ளிருக்கும் கொஞ்சம் நீரிலேயே கரைந்து அடர்ந்துகொண்டே போகும். யூரிக் அமிலம் அதே ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம்கூடக் கரையாது. அதனால் வெண்பொடியாகப் படிந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு பைக்குள் கிடக்கிறது. அந்தப் பையின் சுவர்தான் ஓட்டை ஒட்டிப் படர்ந்து கருவுக்கு மூச்சும் வாங்கித் தருகிறது. நுரையீரலும் கழிவறையும் ஒன்றே! குஞ்சு வெளியே வரும்போது பையை விட்டுவிட்டு வந்துவிடும். பொரித்த ஓட்டை எறியுமுன் உள்ளே பாருங்கள், வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்.

கருவைக் காப்பாற்றிய அதே பொருள்தான் கத்தரியைக் கருக்கியது. யூரிக் அமில மூலக்கூறு ஒன்றில் 4 நைட்ரஜன் அணுக்கள். ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, பிறகு அம்மோனியாவாக்குகின்றன. அது வேரைப் புண்ணாக்கும். எச்சத்தின் உப்புகள் வேரிலிருந்தே நீரை இழுக்கும். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இலையோரம் என்பதால் அங்கேதான் முதலில் கருகுகிறது. மாட்டுக்குச் சாணம் வேறு, கோமியம் வேறு. யூரியா கோமியத்தோடு போய்விடுவதால் சாணம் சாது.

"கோழி எரு சூடு" என்று பெரியவர்கள் சொல்வதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கண்ணால் கண்டதைச் சொன்ன சொல் அது. மக்கும் குவியலுக்குள் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு அது நிஜச் சூடும்கூட. 60 டிகிரி செல்சியஸைத் தொடும்.

ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்தோடு குவித்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். சருகின் கார்பனைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தங்கள் உடம்பிலேயே பிடித்துவைக்கும். இரண்டு மூன்று மாதம் ஆகும். மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடி போய் மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் கத்தரிக்குப் போடலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கோழி எச்சத்தில் இருக்கக்கூடிய, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி எளிதில் சாகாது.